பொங்கல் சீரைப் பணமாக அனுப்பினால் என்ன தவறு?

அம்மாப்பேட்டைத் தறிக்காரர்:
எனக்கு இரண்டு தங்கைகள். மூத்தவள் ஏற்காட்டில் இருக்கிறாள்; கணவர் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி, அவளும் பழம் பறிக்கப் போகிறாள். இளையவள் ஆத்தூரில், ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். அம்மா இறந்த பிறகு 14 ஆண்டுகளாகப் பொங்கல் சீரை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு ஜோடிக் கரும்பு, பழம், தங்கைக்குச் சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி, பிள்ளைகளுக்குத் துணி. ஒரு நாள் மலைக்கு, மறுநாள் ஆத்தூருக்கு. எனக்கு வயது 56. முழங்கால் தேய்ந்துவிட்டது. தறியும் முன்போல ஓடவில்லை. இந்த ஆண்டு ஆளுக்கு 5,000 ரூபாய் கைப்பேசியில் அனுப்பிவிடுகிறேன், வேண்டியதை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். மூத்தவள் "சரி அண்ணா" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. இளையவள் "எனக்குச் சம்பளம் வருகிறது, பணம் வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். கொண்டுபோகும் பொருள்களின் விலையைக் கூட்டினால் 4,000 ரூபாய்தான் வரும். நான் கூட்டித்தானே கொடுக்கிறேன்? எங்கே தவறினேன் என்று சொல்லுங்கள்.

ஓமலூர் ஆசிரியை:
அண்ணா, நீங்கள் விலையைக் கூட்டிப் பார்த்தீர்கள், வருகையைக் கூட்டவில்லை. என் அண்ணன் போகியன்று காலையில் வருவார். முந்தின இரவே வாசலைக் கழுவிக் கோலம் போட்டு வைத்துவிடுவேன். எனக்கு 47 வயது, மாதச் சம்பளம் வாங்குகிறேன், அவர் கொண்டுவரும் வெல்லத்தைப்போலப் பத்து மடங்கு வாங்க என்னால் முடியும். ஆனாலும் அந்த ஒரு நாள் நான் இந்த வீட்டு மருமகள் இல்லை, இன்னொரு வீட்டுப் பெண். அம்மா போன பிறகு ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அண்ணன் வந்து நிற்கும் அந்த அரைமணி நேரம்தான். அதைக் கைப்பேசியில் அனுப்ப முடியாது. முழங்கால் வலித்தால் வெறும் கால் கிலோ வெல்லத்தோடு வாருங்கள். வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அஸ்தம்பட்டிக் கணக்கர்:
ஆசிரியை எழுதியது மனத்தைத் தொடுகிறது. ஆனால் இப்படி எழுதி எழுதித்தான் ஒரு தலைமுறை ஆண்களைக் கடனில் தள்ளியிருக்கிறோம். என் அக்காவுக்குத் திருமணமான ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். முதலில் தலை ஆடி. நம் சேலத்தில் ஆடி என்றால் சும்மாவா? ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவதற்கே பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துத் துணி எடுத்து விருந்து வைக்க வேண்டும். அடுத்து தலை தீபாவளி, மோதிரம். அடுத்து தலைப்பொங்கல், பித்தளைப் பானையும் பாத்திரமும். அதற்குள் வளைகாப்பு. பிறகு தாய்மாமன் முறையில் காதுகுத்து. அப்பா நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கினார். ஆண்டுக்கு 36 சதவீதம். அக்காவின் மகன் பள்ளிக்கூடம் போன பிறகும் அந்தக் கடன் முடியவில்லை. கடைசித் தவணையைக் கட்டியது என் முதல் சம்பளம். அக்காவுக்கு இன்றுவரை இது தெரியாது. தெரிந்தால் அந்தப் பானையில் அவர் பொங்கல் வைப்பாரா?

தறிக்காரர் ஐயா நேர்மையாகத் தன் நிலையைச் சொல்லிப் பணம் தருகிறேன் என்கிறார். பணம் வாங்குபவருக்கு உதவும்; மூன்றாவது பானை பரணில் தூங்கும். என் கருத்து இதுதான்: அனுப்பிவிடுங்கள், வருத்தப்படாதீர்கள்.

ஓமலூர் ஆசிரியை:
உங்கள் அப்பா பட்ட கடனுக்குக் காரணம் கேட்டு வாங்கியவர்கள். திருமணத்தை ஒட்டி, அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் குற்றம் என்று 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் சொல்கிறது. மோதிரம் இவ்வளவு பவுன் என்று அளவு சொல்லி வாங்குவது சீரே இல்லை, வசூல். அதையும் ஒரு அண்ணன் மஞ்சள் கொத்தோடு வருவதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அஸ்தம்பட்டிக் கணக்கர்:
யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, அம்மா. அதுதான் கொடுமை. பக்கத்து வீட்டு மருமகளுக்கு என்ன வந்தது என்று மாமியார் ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது? நீங்கள் வாசலில் கோலம் போட்டுக் காத்திருக்கும்போது தெருவும் பார்க்கிறது. தெரு பார்ப்பதால்தான் அண்ணன்மார் தகுதிக்கு மீறித் தூக்கி வருகிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை:
இருவருக்கும் நடுவே ஒரு தொழில்காரனின் சொல். ஆண்டுதோறும் ஒரு சேலை என்று 14 சேலை கொடுத்திருக்கிறீர்கள். எத்தனை சேலை இன்று உடுத்தும் நிலையில் இருக்கும்? நிற்கும் பொருளாகக் கொடுங்கள். சேலத்துக் கொலுசு ஊர் ஊராகப் போகிறது, உள்ளூர்க்காரர்கள் அதன் அருமையை மறந்துவிட்டோம். ஒரு கொலுசு உருவாக எத்தனை வீடு ஏறி இறங்குகிறது தெரியுமா? கம்பி இழுப்பது ஒரு வீடு, பற்றவைப்பது ஒரு வீடு, சலங்கை கோப்பது இன்னொரு வீடு, மெருகு வேறிடம். சலங்கை கோப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்.

ஆனால் பார்த்து வாங்க வேண்டும். டச், அதாவது வெள்ளியின் தூய்மை அளவு, என்ன என்று கேட்காமல் வாங்காதீர்கள். 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மற்றது பெரும்பாலும் செம்பு. மலிவுக் கொலுசில் வெள்ளி இதைவிட மிகக் குறைவாக இருக்கும். மாற்றப் போகும்போதுதான் கண்ணீர் வரும். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைக்கும் தனி அடையாள எண்ணோடு ஹால்மார்க் வந்திருக்கிறது. கட்டாயம் இல்லை, கேட்டு வாங்குவது உங்கள் கையில். கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி விலை ஏறிய காலத்தில் இது முக்கியம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். முன்பு ஒருவர் இறந்துபோன தாயின் பழைய கொலுசைக் கொண்டுவந்தார். கெட்டியான கொலுசு, தேய்ந்து பளபளத்தது. இரண்டு தங்கைகளுக்கும் இரண்டு ஜோடியாகச் செய்து தாருங்கள் என்றார். உருக்கினால் சேதாரம் போகும், எடை குறையும் என்றேன். குறைகிற எடைக்குத் தன் பணத்தில் வெள்ளி போட்டார். கூலி வாங்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாயின் கால் பட்ட வெள்ளி இப்போது இரண்டு வீட்டில் நடக்கிறது. சீர் என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

அஸ்தம்பட்டிக் கணக்கர்:
பட்டறைக்காரர் சொன்னதை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஒருமுறை, மனம் நிறைய, காரணத்தோடு. ஆண்டுதோறும் தவணைபோல வருவதைத்தான் எதிர்க்கிறேன்.

சூரமங்கலம் வழக்கறிஞர்:
தறிக்காரர் அண்ணா, ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அப்பா கட்டிய வீடு இன்று யார் பெயரில் இருக்கிறது? என் மேசைக்கு வரும் பாகப்பிரிவினை வழக்குகளில் அண்ணன் தரப்பு திரும்பத் திரும்பச் சொல்வது, "ஆண்டுதோறும் சீர் செய்தோமே, பிறகு சொத்தில் என்ன பங்கு?" என்பது. சீரைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், அதன் அடியில் இருப்பதைப் பேச மாட்டேன் என்கிறோம்.

ஆத்தூர் மரவள்ளி விவசாயி:
இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். வழக்கறிஞர் அம்மா சட்டத்தைப் பார்க்கிறார், நான் நிலத்தைப் பார்க்கிறேன். எனக்கு இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, மூன்று அக்காள் தங்கைகள். நான்காகப் பிரித்தால் ஆளுக்கு அரை ஏக்கர். கிணறு யாருக்கு? பத்து மாதம் காத்திருந்து கிழங்கு பிடுங்கி ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்றினால், விலை விழுந்த ஆண்டில் வெட்டுக்கூலி மிஞ்சாது. நிலம் துண்டாகாமல் இருக்கத்தான் பெரியவர்கள் பெண்ணுக்குச் சீர் என்று வைத்தார்கள். ஆடிக்கு, தீபாவளிக்கு, பொங்கலுக்கு, அவள் பிள்ளைக்குக் காதுகுத்து, மகளுக்குத் திருமணம் என்று சாகும்வரை செய்கிறோம். நான் செத்தால் என் மகன் செய்வான். எழுதிப் பதிவு செய்யாத கடமை அது. பங்கை வாங்கிக்கொண்டு போன பெண்ணுக்கு யார் சீர் கொண்டுபோவார்கள்?

சூரமங்கலம் வழக்கறிஞர்:
உங்கள் கஷ்டம் உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கடைசி வரியை நீங்களே மறுபடி படியுங்கள். பங்கு கேட்டால் சீர் நின்றுவிடும் என்றால் அந்தச் சீர் அன்பா, வாயை அடைப்பதற்கான விலையா?

தகப்பனார் தன் உழைப்பில் வாங்கிய சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989-இலேயே கொடுத்தது, அப்போது திருமணமாகாதிருந்த பெண்களுக்கு. 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. அந்த உரிமை பிறப்பால் வருவது, அந்த ஆண்டில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு இடத்திலும் "சீர் செய்திருந்தால் நீங்கலாக" என்று எழுதவில்லை. நிலத்தைத் துண்டாக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? மதிப்புப் போட்டுத் தவணையில் பணமாகக் கொடுங்கள். அல்லது அவர்களே வேண்டாம் என்று சொல்லட்டும். என்ன இருக்கிறது என்று தெரிந்து சொல்லட்டும்.

ஆத்தூர் மரவள்ளி விவசாயி:
தவணையில் கொடுக்கலாம் என்பதை யோசிக்கிறேன். மற்றதில் என் கருத்து மாறவில்லை.

அம்மாப்பேட்டைத் தறிக்காரர்:
கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மறைக்க எதுவும் இல்லை. அப்பா உயில் எழுதவில்லை, அம்மாவும் எழுதவில்லை. அம்மா போன மறுவருடம் தங்கைகள் இருவரும் பதிவு அலுவலகத்துக்கு வந்து, தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தறிக்குக் கடன் வாங்க வீடு என் பெயரில் இருக்க வேண்டும் என்று நான்தான் கேட்டேன். ஒரு ரூபாய் வாங்கவில்லை. படியிறங்கும்போது மூத்தவள் சொன்னாள், "வீடு உனக்கே இருக்கட்டும் அண்ணா, நாங்கள் இல்லை என்று மட்டும் ஆகிவிடக் கூடாது." 5,000 ரூபாய் அனுப்புகிறேன் என்று சொன்னபோது இது என் நினைவில் இல்லை. அவளுக்கு இருந்திருக்கிறது.

அஸ்தம்பட்டிக் கணக்கர்:
ஐயா, இது தெரியாமல் உங்களுக்குப் பணம் அனுப்பச் சொன்னேன். அந்த அறிவுரையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கரும்போடு போய்விட்டால் கணக்குத் தீர்ந்தது என்று ஆசிரியை சொன்னால் அதையும் ஏற்க மாட்டேன். அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டின் மூன்றில் இரண்டு பங்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும்.

ஓமலூர் ஆசிரியை:
நான் அப்படிச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். என் பங்குக்கு நானும் கையெழுத்துப் போட்டவள்தான். இன்றுவரை அதை யாரிடமும் பேசியதில்லை.

ஏற்காட்டு மருமகள்:
பிறந்தது இடைப்பாடிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது மலையில். இங்கே பொங்கல் நேரம் காப்பிப் பழம் பறிக்கும் நேரம். பழுத்ததை விட்டால் காய்ந்து உதிர்ந்துவிடும். ஒரு நாள் கூலியும் போகும். கீழே இறங்கிப் பிறந்த வீட்டுக்குப் போக வாய்ப்பே இருக்காது. அதனால்தான் மேலே வருகிற அண்ணனுக்கு இத்தனை மதிப்பு. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பூலாம்பட்டிக் கரும்பை 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றி என் அண்ணன் கொண்டுவருவார். பஸ்ஸில் வாந்தி வரும் அவருக்கு. இறங்கியதும் முகம் வெளுத்து நிற்பார், கையில் கரும்பு இருக்கும்.

இதுவரை யாரும் சொல்லாத ஒன்று: வந்த அண்ணனை வெறும் பையோடு அனுப்ப மாட்டோம். நாங்கள் பறித்து உலர்த்திய மிளகு ஒரு படி, வறுத்துப் பொடித்த காப்பி, தோட்டத்துப் பலாவோ கொய்யாவோ கிடைத்தால் அது. என் அண்ணி ஆண்டு முழுவதும் கடை மிளகு வாங்கியதில்லை. கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்று நீங்கள் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து லைன் வீட்டில் இருந்து கேக் வந்த தட்டுகூட எங்கள் பொங்கலோடுதான் திரும்பிப் போகும். பணம் வந்தால் நான் எதைத் திருப்பி அனுப்புவது?

வெல்லம் மட்டும் பார்த்து வாங்குங்கள். மஞ்சளாக மின்னுவதை எடுக்காதீர்கள். வெளுப்பதற்கு ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போடுகிறார்கள், சர்க்கரையும் கலக்கிறார்கள். பொங்கல் கறுத்தாலும் பரவாயில்லை, அடர்ந்த பழுப்பாக இருப்பதை எடுங்கள்.

அம்மாப்பேட்டைத் தறிக்காரர்:
நேற்று இரவு மூத்தவளிடம் பேசினேன். மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போகிக்கு முந்தின நாள் வருகிறேன் என்றேன். "முழங்காலுக்கு என்ன ஆனது, ஏன் முன்பே சொல்லவில்லை" என்று திட்டினாள். ஆத்தூர்த் தங்கையையும் இந்த முறை மேலே வரச் சொல்லியிருக்கிறேன். வீட்டுப் பத்திரத்தின் நகலை எடுத்துப் போகிறேன். என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை, வழக்கறிஞர் அம்மா சொன்ன தவணை மனத்தில் இருக்கிறது. அம்மாவின் கொலுசு பீரோவில் இருக்கிறது. பட்டறைக்காரரிடம் பிறகு வருகிறேன்.

மலைக்குப் போகும் பஸ்ஸில் முழுக் கரும்பை ஏற்றுவார்களா? இதுவரை வேனில் போனேன், இந்த ஆண்டு பஸ்தான்.

ஏற்காட்டு மருமகள்:
முதல் பஸ்ஸில் வாருங்கள் அண்ணா, கூட்டம் இருக்காது. நடத்துநர் ஏதாவது சொன்னால் இரண்டாக வெட்டிக் கட்டிக்கொள்ளுங்கள். தோகையை மட்டும் வெட்டிவிடாதீர்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் ஓடி வருவார்கள்.