புதுப்பிப்பு: 'டக்' சத்தத்தோடு நின்றுவிடும் டிராக்டர் ஸ்டார்ட்டர்

சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வருவது பற்றிய முந்தைய பதிவில் பேட்டரி, சாலினாய்டு (ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் சுவிட்ச்) இரண்டை மட்டும் சொல்லியிருந்தேன். பேட்டரி மைனஸை வண்டியின் சேஸிஸோடு இணைக்கும் எர்த் கேபிளை விட்டது பெரிய குறை. குறுவைச் சேற்றுழவில் இறங்கும் வண்டிகளுக்கு முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜின் ஓடிவிடாமல் ஸ்டாப் நாபை இழுத்துப் பிடிக்க இன்னொருவரிடம் சொல்லுங்கள். வோல்ட் பார்க்கும் மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை ஸ்டார்ட்டர் பாடியில். சாவியைத் திருப்பும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. எர்த் கேபிளைப் பிடித்திருக்கும் சேஸிஸ் போல்ட்டைக் கழற்றினால் லக்குக்கு (கேபிள் முனை வளையத்துக்கு) அடியில் பச்சைப் பூப்பும் காய்ந்த சேறும் அப்பியிருக்கும். உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கழற்றும் முன் பேட்டரி மைனஸை எடுத்துவிட மறக்காதீர்கள்.

எர்த்தில் எதுவும் காட்டவில்லை, பேட்டரியும் 12.6 வோல்ட்டிலிருந்து அதிகம் இறங்கவில்லை என்றால் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. சாலினாய்டின் செப்புத் தட்டு கருகியிருக்கும், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்து கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசிக் கரண்ட் கொடுக்கும் செப்பு உருளையை) தொடாமல் நிற்கும். பிரஷ் பாதியாகத் தேய்ந்திருந்தால் எல்லா பிரஷ்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்குப் 10 விநாடிக்கு மேல் சுற்றவே கூடாது. ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள். சூடேறினால் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருள்) எரிந்துவிடும்.