காசுள்ள நாட்டில் ஏழை இருந்தால் பிழை யாரில்?

வளவுக்காரி (தென்மராட்சி, யாழ்ப்பாணம்):

பொங்கலுக்கு லண்டனில் இருந்து பெரியப்பாவின் மகன் வந்து நின்றார். விறாந்தையில் இருந்து கதைக்கும்போது ஒன்று சொன்னார். ஒரு கிழமையாக அது மண்டைக்குள் நிற்கிறது. "எங்கட நாட்டில ஒருத்தன் பசியோட இருக்கிறான் எண்டால் அது அவன்ர பிழை." (எங்கட நாடு என்று அவர் சொன்னது இங்கிலாந்தை. நான் கவனித்தேன், அம்மா கவனிக்கவில்லை.)

கதை தொடங்கியது பிள்ளைகளுக்கான கொடுப்பனவில் இருந்து. பிரித்தானியாவில் 2017 ஏப்ரலில் ஒரு விதி வந்தது. குடும்பம் எவ்வளவு கஷ்டப்பட்டாலும் வறிய குடும்பங்களுக்கான பிள்ளை உதவி முதல் இரண்டு பிள்ளைகளுக்குத்தான், அதற்குப் பிறகு பிறக்கும் மூன்றாவதுக்கு இல்லை. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அந்த விதியை 2026 ஏப்ரலோடு எடுத்துவிடுவதாக அறிவித்துவிட்டார்கள். அண்ணைக்கு அதில்தான் கோபம். தன் வரிக்காசில் ஊரான் பிள்ளை வளருதாம். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததே அவரின் அம்மாதான்.

நான் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 2018 இல் ஒரு கணக்குப் போட்டிருந்தது. குறைந்த வருமானமுள்ள ஒரு குடும்பம் நாட்டின் சராசரி வருமானத்துக்கு வர எத்தனை தலைமுறை எடுக்கும் என்று. டென்மார்க்கில் 2. பிரித்தானியாவில் 5. ஜேர்மனியிலும் பிரான்சிலும் 6. எல்லாம் பணக்கார நாடுகள். டென்மார்க்கில் பேரன் ஏறுகிற படியில் லண்டனில் கொள்ளுப்பேரனின் பேரன்தான் ஏறுகிறான் என்றால், அது தனி ஆளின் சோம்பலா? இந்த இணையக் குழுவில் வெளிநாட்டில் இருக்கிறவர்களும் ஊரில் இருக்கிறவர்களும் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

கேணியடி (லண்டன்):

ரீச்சர், உங்கள் அண்ணை சொன்னதில் முக்கால்வாசி சரி.

நான் 1991 இல் ஒரு பையோடு வந்திறங்கினவன். பகலில் கோப்பை கழுவினேன், இரவில் பெற்றோல் ஸ்ரேசன். 11 வருடம் ஒரு பொங்கல் வீட்டில் பொங்கவில்லை. இண்டைக்கு மகள் மருத்துவர், மகன் கணக்காளர். எனக்கு ஒருத்தரும் ஒன்றும் தரவில்லை. இங்கே எங்கள் ஆட்களிலேயே சிலர் கையில் காசு வாங்கி வேலை செய்துகொண்டு அரசாங்கத்திடம் வேலையில்லை என்று எடுக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் நான் வரி கட்டுகிறேன்.

ஊருக்கும் வருகிறேன். தங்கச்சியின் மகனுக்கு மாதாமாதம் அனுப்பினேன், படிக்கட்டும் என்று. பெடியன் முதலில் போன் வாங்கினான், பிறகு மோட்டார் சைக்கிள், பிறகு தகப்பனின் புகையிலைத் தோட்டத்துக்குப் போவதை விட்டான். இப்போது அந்தத் தோட்டத்தில் பற்றை. நான் நல்லது செய்யத்தான் அனுப்பினேன். அந்தத் தோட்டத்தை மூடினது நான்தான் என்று சில இரவுகளில் நினைப்பதுண்டு.

நிலாவரை (கோப்பாய்):

ஒருத்தரும் ஒன்றும் தரவில்லையா? அண்ணை, நானும் அந்தக் காலத்தில் லண்டன் ஈஸ்ற்ஹாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தபோது கிழமைக்குக் கிழமை தபாற்கந்தோர் வரிசையில் நின்று, புத்தகத்தைக் கொடுத்து, முத்திரை குத்தி, எண்ணி எடுத்த காசு என்ன காசு? அந்த வரிசையில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும்.

மகள் பிறந்த ஆஸ்பத்திரிக்கு பில் வந்ததா? 1948 இல் போட்ட திட்டம் அது, நாங்கள் அங்கே போக முன்னமே யாரோ கட்டிவைத்தது. பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்டினீர்களா? அதையும் விடுங்கோ. விண்ணப்பப் படிவத்தை வாசிக்கத் தெரிந்ததே 1945 இல் இங்கே வந்த இலவசக் கல்வியால்.

உழைத்தீர்கள். அதை மறுக்க நான் யார்? ஆனால் வெறும் நிலத்தில் நின்று பாயவில்லை, அவ்வளவுதான்.

கேணியடி:

தபாற்கந்தோர் வரிசை உண்மை. எட்டு மாதம். மறைக்கவில்லை, மறந்துவிட்டேன்.

ஆனால் தம்பி, அது எட்டு மாதம். எட்டு வருடம் இல்லை. எடுத்ததைப் போல் எத்தனையோ மடங்கு வரியாகத் திருப்பிக் கட்டிவிட்டேன். நான் சொல்வதும் அதுதான்: விழுந்தவனைத் தூக்கிவிடு, பிறகு கையை விடு. பிடித்துக்கொண்டே நின்றால் அவன் நடக்கப் பழகமாட்டான்.

ஒஸ்லோக்குளிர் (நோர்வே):

அண்ணை, இங்கே கையை விடுவதே இல்லை, ஆனாலும் சனம் நடக்கிறது.

பிள்ளைக் கொடுப்பனவு நோர்வேயில் எல்லாப் பிள்ளைக்கும். தாய் துப்புரவுத் தொழிலாளியா, வங்கி முகாமையாளரா என்று கேட்பதில்லை. நான் 14 வருடமாக பஸ் ஓட்டுகிறேன், என் பிள்ளைக்கும் என் மேலதிகாரியின் பிள்ளைக்கும் ஒரே தொகைதான் வரும். வெட்கம் இல்லை, படிவத்தோடு அலைவதும் இல்லை, பொய் சொல்லவும் தேவையில்லை. நீங்கள் சொன்ன அந்தக் கையில் காசு வாங்கும் ஆட்கள் ஏன் பொய் சொல்கிறார்கள்? உழைத்தால் உதவி நின்றுவிடும் என்பதால். எல்லாருக்கும் உள்ளதற்கு எவன் பொய் சொல்வான்?

கேணியடி:

உங்களுக்கு எண்ணெய் இருக்கிறது.

ஒஸ்லோக்குளிர்:

வடகடல் எண்ணெய் பிரித்தானியாவுக்கும்தான் வந்தது அண்ணை. ரீச்சர் சொன்ன கணக்கில் நோர்வே 3 தலைமுறை. எங்களை முந்தி 2 இல் நிற்பது டென்மார்க். அது எங்களைப் போல் எண்ணெயில் மிதக்கிற நாடு இல்லை.

மேசன்தம்பி (சங்கானை):

பெரியாக்கள் கதைக்கிற இடத்தில் நானும் ஒன்று சொல்லலாமா? நான் மேசன் வேலை. நீங்கள் சொல்கிற அந்த ஏழை நான்தான் என்று நினைக்கிறேன்.

உதவி பற்றி எனக்கும் கோபம் இருக்கிறது, லண்டன் அண்ணையின் கோபம் இல்லை. சண்டை முடிந்த பிறகு வாழ்வாதாரம் என்று கோழி தந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கோழி. எல்லா வீட்டிலும் முட்டை இருந்தால் யார் யாரிடம் வாங்குவது? பிறகு வந்தவர்கள் தையல் மெசின். ஒரு ஒழுங்கையில் ஏழு தையல்காரி. கடைசியில் கோழியைத் தின்றோம், மெசினை விற்றோம். பிறகு சொன்னார்கள் இதுகளுக்குக் கொடுத்துப் பிரயோசனம் இல்லை என்று.

எனக்கு உழைக்கத் தெரியும். பிரச்சினை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மாரி தொடங்கினால் வேலை இல்லை. அந்த மூன்று மாதத்தில் மனிசியின் தோடு அடைவுக்குப் போகும், தையில் மீட்போம், அடுத்த ஐப்பசியில் திரும்பப் போகும். அது 12 வருடமாக எங்கள் வீட்டுக்கும் வங்கிக்கும் இடையில் அலைகிறது. ஒரு வருடம் அதுவும் போதாமல் கிழமைக் கடன் எடுத்தோம். அஞ்சு பொம்பிளையைக் குழுவாக்கி ஒருத்தருக்கு ஒருத்தர் பிணை. ஒரு கிழமை தவறினால் கடன்காரப் பெடியன் வந்து வாசலில் கதிரையைப் போட்டு இருப்பான். கத்தமாட்டான். சும்மா இருப்பான். ஒழுங்கையே பார்க்கும். 2018 இல் வரட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே வந்தது என்றால் எவ்வளவு சனம் மாட்டியிருக்கும்?

அஸ்வெசும என்ற அரசாங்கக் கொடுப்பனவு 2023 ஜூலையில் தொடங்கியது. மிகவும் வறிய குடும்பம் என்றால் மாதம் 15,000 ரூபா, பிறகு 17,500 ஆக்கினார்கள். நல்லதுதான், கிடைத்தவைக்கு. 22 கேள்வி, அதற்குப் புள்ளி. வீடு கல்வீடா என்றும் பார்ப்பார்கள். கல்வீடு வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது. அதற்குள்ளே என்ன வேகுது என்று புள்ளியில் தெரியாது.

கணக்குவாத்தி (யாழ் நகரம்):

தம்பி மேசனின் கஷ்டம் விளங்குகிறது. ஆனால் ஏறுவதற்குப் படி இல்லை என்று ரீச்சர் சொல்வதை ஒத்துக்கொள்ளமாட்டேன். படி இருக்கிறது, அதன் பெயர் படிப்பு. 1980 முதல் பாடநூல் இலவசம். சீருடை இலவசம். அஞ்சாம் ஆண்டில் புலமைப்பரிசில். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம்தான் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கணக்கு, இன்னும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. உள்ளே போனால் மகாபொல உதவித்தொகை. மாதம் 5,000 ஆக இருந்ததை 2025 இல் 7,500 ஆக்கினார்கள். இதைவிட என்ன வேண்டும்? என் ரியூட்டரியில் (தனியார் வகுப்பில்) கூலித் தொழிலாளியின் மகன் படித்து இன்று பொறியியல் பீடத்தில் இருக்கிறான்.

வளவுக்காரி:

சேர், அந்தப் பெடியனிடம் நீங்கள் காசு வாங்கவில்லை என்று நினைக்கிறேன். வாங்கியிருந்தால் அவன் வந்திருக்கமாட்டான். அப்படியென்றால் அவனை ஏற்றினது நீங்கள், படியைக் கும்பிடாதீர்கள்.

மாவட்டக் கணக்கு என்றீர்கள். யாழ்ப்பாண மாவட்டம் என்றால் நகரத்துப் பெரிய கல்லூரியும் அதற்குள்தான், நெடுந்தீவும் அதற்குள்தான். குறிகட்டுவானில் இருந்து ஒரு மணித்தியாலம் படகில் போகவேண்டிய தீவுப் பிள்ளையும், மூன்று ரியூட்டரிக்கு வாகனத்தில் இறக்கிவிடப்படும் பிள்ளையும் ஒரே கோட்டாவுக்குப் போட்டி. உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி என்று தரம் பிரித்த பாடசாலைகளில் மட்டும்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை கெட்டிக்காரி என்றால் அதன் அர்த்தம், அவள் எங்களை விட்டுப் போகவேண்டும். பஸ் காசு இருந்தால் போவாள். இல்லாவிட்டால் கலைப்பிரிவு. அதுவும் இல்லாவிட்டால் புடவைக்கடை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. எங்கள் யாழ்ப்பாணமும் ஒரு காசுள்ள சமூகம்தான். ரொறன்ரோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் சூரிச்சில் இருந்தும் காசு வருகிறது. தேருக்கு வருகிறது, இராசகோபுரத்துக்கு வருகிறது, பள்ளிக்கூடத்துக்கும் வருகிறது. எந்தப் பள்ளிக்கூடத்துக்கு? பழைய மாணவர் சங்கம் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு. வெளிநாட்டுக்குப் போக வசதி இருந்தவர்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கு. எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இங்கேயே புகையிலை நடுகிறார்கள், கள்ளுச் சீவுகிறார்கள், மேசனுக்குக் கையாளாகப் போகிறார்கள். எங்களுக்கு ரொறன்ரோவில் கிளை இல்லை. உதவி தெரிந்த முகத்தைத் தேடித்தான் போகும், அது மனித இயல்பு, அதை நான் திட்டவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பினால் இல்லாத இடம் இல்லாமலே கிடக்கும்.

நிலாவரை:

ரீச்சர் நாகரிகமாகச் சொல்கிறார், நான் நேரே சொல்கிறேன். தெரிந்த முகம் என்றால் சாதி. 1930 வாக்கில் எல்லாப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கட்டும் என்று அரசாங்கம் சொன்னபோது பள்ளிக்கூடத்துக்குக் கொள்ளி வைத்த ஊர் இது. 1990 இல் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்தவர்களைப் பாருங்கள். இராணுவம் காணியை விட விடக் காணி உள்ளவை திரும்பிப் போனார்கள். கடைசி வரை முகாமில் கிடந்தது யார்? திரும்பிப் போக ஒரு பரப்புக் காணியும் இல்லாதவர்கள். சோம்பலாம்.

கணக்குவாத்தி:

எல்லாவற்றுக்கும் சாதியை இழுக்கவேண்டாம்.

நிலாவரை:

இழுக்கவில்லை சேர், அது ஏற்கெனவே அங்கே இருந்தது.

கேணியடி:

சண்டை வேண்டாம். இரவு முழுக்க வாசித்தேன்.

டென்மார்க் கணக்கை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை; அது சின்ன நாடு. மூன்றாவது பிள்ளை விசயத்திலும் என் எண்ணம் மாறவில்லை. ஆனால் ஒன்று: லண்டனில் 2023 செப்ரம்பரில் இருந்து அரசாங்க ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைக்கும் மத்தியானச் சாப்பாடு இலவசம். என் பேத்தியும் சாப்பிடுகிறாள், தகப்பன் கணக்காளர். அதை நான் ஒருநாளும் உதவி என்று நினைத்ததே இல்லை. மேசன் தம்பி சொன்ன அந்தக் கதிரையை வாசித்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

பழைய மாணவர் சங்கத்துக்கு வருடாவருடம் கொடுக்கிறேன், அதுவும் உண்மை. ரீச்சர், உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்றால் சொல்லுங்கள். போன முறை ஒரு யூரியூப் பெடியனுக்கு அனுப்பினேன், பிள்ளைகளுக்குப் பை கொடுத்து வீடியோ போட்டான். பார்க்க நன்றாக இருந்தது.

வளவுக்காரி:

அண்ணை, அந்த மாதிரி ஒரு வீடியோ எங்கள் ஒழுங்கையிலும் எடுத்தார்கள். யார் எடுத்தது என்று சொல்லவில்லை. ஏழாம் ஆண்டுப் பிள்ளை. முற்றத்தில் நிறுத்தி, தாய்க்கு எத்தனை மாதம் வருத்தம், தகப்பன் எப்போது விட்டுவிட்டுப் போனான் என்று கேட்டு, பிள்ளை அழுத பிறகு பையைக் கொடுத்தார்கள். நாவல் நிறத்தில் நல்ல பை. பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கூடம் வரவில்லை, அதற்கு அடுத்த நாள் உடுப்புக்கடை சொப்பிங் பையில் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். நான் வீட்டுக்குப் போனேன். நாவல் பை சுவரில் ஆணியில் தொங்கியது, விலைத் துண்டுகூட வெட்டவில்லை. வகுப்பில் எல்லாரும் போனில் பார்த்துவிட்டார்களாம்.

அரசாங்கப் பாடநூலை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. அது 28 பேரின் மேசையிலும் இருந்தது.

செய்வதென்றால் பஸ். இந்த வருடம் மூன்று பிள்ளைகள் சாவகச்சேரிக்கு உயர்தரம் படிக்கப் போகவேண்டும். மாதாந்தப் பருவச்சீட்டு, அவ்வளவுதான். பெயர் தரமாட்டேன், படமும் இல்லை.

கேணியடி:

படம் வேண்டாம். ரசீது வேண்டும்.

வளவுக்காரி:

தருவேன்.

மேசன்தம்பி:

அண்ணை, பழைய மாணவர் சங்கத்திடமும் ரசீது கேட்டனீங்களோ?