அயர் கூட் நாலு சண்டை ஜெயித்தும் ஹைதர் அலி ஏன் ஆற்காட்டை விடவில்லை?

ஆரணிக்காரன்:
வந்தவாசிப் போர் 1760, கம்பெனித் தளபதி அயர் கூட் பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். ஒரு மார்க் கேள்விக்கு எல்லாரும் படித்ததுதான். இப்போது ஹைதர் அலியைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் அதே பெயர் திரும்ப வருகிறது. 1781இல் பரங்கிப்பேட்டை, புள்ளலூர், சோளிங்கர், அப்புறம் 1782 ஜூனில் எங்கள் ஆரணி. இரண்டும் ஒரே ஆளா, அப்பா பிள்ளையா? இன்னொன்று, ஒரு வருஷத்துக்குள் நாலு இடத்திலும் கூட்தான் ஜெயித்தார் என்றால் ஹைதர் ஏன் ஆற்காட்டிலேயே உட்கார்ந்திருந்தார்? கம்பெனிக்காரன் எழுதின கணக்கு என்பதால் ஜெயித்ததாக எழுதிக்கொண்டானா?

கோட்டைவெளி:
ஒரே ஆள்தான் நண்பரே. அயர்லாந்துக்காரர், பிறந்தது 1726. 1754இல் 39ஆம் ரெஜிமெண்டோடு இந்தியா வந்தார். பிளாசியில் கேப்டன். அங்கே சண்டைக்கு முன் நடந்த ஆலோசனையில் கிளைவே காத்திருக்கலாம் என்றபோது, உடனே அடிக்கணும் என்று சொன்ன சிலரில் இவர் ஒருவர். வந்தவாசியில் வயது 33. லாலியின் குடும்பமும் அயர்லாந்திலிருந்து போனதுதான், அந்த வகையில் நம்ம ஊர் வயலில் இரண்டு அயர்லாந்து வம்சம் மோதிக்கொண்டது. அன்றைக்கு லாலி பக்கம் இருந்த மராட்டியக் குதிரைப்படை ஒதுங்கி நின்றுவிட்டது, குளத்துக்கரை அரணில் நின்ற பிரெஞ்சு வெடிமருந்து வண்டி குண்டு பட்டு வெடித்தது, இன்னொரு பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடிபட்டார். அடுத்த மாதமே ஆற்காடு விழுந்தது, ஒரு வருஷத்தில் பாண்டிச்சேரியும். லாலியைப் பாரிஸில் 1766இல் தலையை வெட்டினார்கள்.

கூட் 1769இல் சென்னைக்குத் தளபதியாக வந்தார், கவுன்சிலோடு சண்டை போட்டுக்கொண்டு அடுத்த வருஷமே கிளம்பிவிட்டார். மறுபடி 1779இல் இந்தியா முழுமைக்கும் தளபதி. 1780 செப்டம்பரில் புள்ளலூரில் கம்பெனிக் கர்னல் பெய்லியின் படை ஹைதரிடம் அழிந்து, இன்னொரு கம்பெனித் தளபதி மன்றோ பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரம் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். நவம்பரில் ஆற்காடு ஹைதர் கைக்குப் போனது. அந்த நிலைமையில்தான் வங்காளத்திலிருந்து கூட்டைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: மாடும் அரிசியும். நாலு சண்டையிலும் களம் கூட் கையில்தான் நின்றது, அது பொய்க்கணக்கு இல்லை. ஆனால் ஜெயித்த மறுநாள் ஹைதரைத் துரத்திப்போக இவரிடம் போதுமான குதிரை கிடையாது, பீரங்கி இழுக்க மாடு கிடையாது, சிப்பாய்க்குச் சோற்றுக்கு அரிசி கிடையாது. ஹைதர் வரும்போதே வழியெல்லாம் ஊர்களை எரித்து, ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போயிருந்தார். பின்னால் அமிர்தமகால் என்று பெயர் எடுத்த மைசூர் மாடுகள் அவர் பீரங்கியை இழுத்தன, அந்த வேகத்துக்குக் கூட் எங்கே போவார்? சோளிங்கரில் 1781 செப்டம்பர் 27 அன்று ஜெயித்துவிட்டு அடுத்து எங்கே போனார் தெரியுமா, கார்வேட்டிநகரம் பக்கம் பொம்மராசு பாளையத்துக்கு, அரிசி தேடி.

வேலூரை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் கம்பெனிக் கர்னல் லாங், வெளியே ஹைதர் ஆட்கள். ஊருக்குக் கிழக்கே தெரிகிற மலைக்கோட்டைகளைப் பிடித்துவிட்டால் கீழே கோட்டை தானாக விழும் என்று மோதிப் பார்த்தார்கள், முடியவில்லை, அப்புறம் பட்டினி போடலாம் என்று வளைத்துக்கொண்டார்கள். 1782 ஜனவரியில் மூன்று மாத அரிசியோடு கூட் புறப்பட்டார். வழியில் அவருக்குப் பக்கவாதம் மாதிரி வந்து நினைவு தப்பிவிட்டது. மறுநாள் பல்லக்கில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சேற்று நிலத்தில் வண்டிகள் இறங்கும்போது ஹைதர் தூரத்திலிருந்து பீரங்கி அடித்தார், திரும்பி வரும்போதும் அடித்தார். ஆனாலும் அரிசி போய்ச் சேர்ந்தது. அவருடைய நாலு வெற்றியையும்விட இதைத்தான் பெரிதாகச் சொல்வேன்.

பாலாறு_வறண்டது:
கோட்டைவெளி சொல்வது சரி, ஆனால் ஹைதரின் பங்கைக் குறைத்துப் பேசுகிற மாதிரி இருக்கிறது. அரிசி இல்லாமல் போனது தானாக நடந்ததா? ஹைதர் வேண்டுமென்றே செய்தது. நேர் சண்டையில் கூட்டின் காலாட்படை முன் நிற்க முடியாது என்று தெரிந்துகொண்டு, பீரங்கிகளைக் காப்பாற்றி விலகிப் போவதும், பின்னால் வந்து மூட்டை முடிச்சைத் தாக்குவதும்தான் அவர் வழி. 1781 தொடக்கத்தில் கூட் கடலூரில் மாட்டிக்கொண்டிருந்தபோது பிரெஞ்சுக் கப்பல் படை கண்ணெதிரே நின்றது. அது கொஞ்ச நாள் தங்கி இருந்தால் கடல் வழிச் சோறும் நின்றிருக்கும். என்னமோ அவர்கள் பாய் விரித்துப் போய்விட்டார்கள். இதில் கூட்டின் திறமை எங்கே இருக்கிறது? அதிர்ஷ்டம்.

அந்த மனுஷன் ஒன்றும் லேசுப்பட்டவரும் இல்லை. சம்பளம் போக, களப்படி என்று வருஷத்துக்கு 18,000 பவுண்டு வாங்கினார், அதையும் அயோத்தி நவாப் தலையில் கட்டினார்கள். சென்னைக் கவர்னர் மெக்கார்ட்னியோடு தீராத தகராறு, ஊர் பட்டினி கிடக்கும்போது யார் உத்தரவு பெரிது என்று இரண்டு பேரும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கோட்டைவெளி:
படிக்காசு விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை, பேராசைக்காரர்தான். ஆனால் சிப்பாய்கள் அவரைக் கூட் பகதூர் என்று கொண்டாடியதும் நிஜம்.

வாலாஜா_ரோடு:
ஒரு சின்ன எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் இன்னொரு அயர் கூட் வருவார், அவரும் ஜெனரல், இவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. அமெரிக்கச் சண்டை, எகிப்து, ஜமைக்கா கவர்னர் எல்லாம் அவர் கணக்கு. ஒரு கேவலமான வழக்கில் சிக்கி 1816இல் ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டதும் அவர்தான். நம்ம ஆள் மேல் அந்தப் பழியைப் போட்டுவிடாதீர்கள், இருக்கிற பழியே போதும்.

ஆரணிக்காரன்:
நன்றி எல்லாருக்கும். ஆரணியில் அப்படி என்ன இருந்தது, இரண்டு பேரும் அங்கே வந்து முட்டிக்கொள்ள?

கோட்டைவெளி:
ஹைதரின் களஞ்சியம் ஆரணிக் கோட்டையில் இருந்தது. அதைத் தொட்டால் அவர் ஓடி வருவார் என்று கூட் போட்ட கணக்கு பலித்தது, வந்தார். ஆனால் ஹைதர் பீரங்கியால் கூட்டைப் பிடித்து நிறுத்திவைத்த நேரத்தில் திப்பு போய் ஆரணியைப் பத்திரப்படுத்திவிட்டார். 1782 ஜூன் 2, களத்தில் கூட் ஜெயித்தார், களஞ்சியம் ஹைதரிடமே இருந்தது. இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றது அதோடு முடிந்தது. டிசம்பரில் சித்தூர் பக்கத்தில் படை முகாமிலேயே ஹைதர் இறந்துபோனார். உடம்பு சரியில்லாமல் வங்காளம் போயிருந்த கூட், 1783 ஏப்ரலில் பிரெஞ்சுக் கப்பல்கள் துரத்தச் சென்னை வந்து இறங்கி, இரண்டொரு நாளில் அவரும் போனார்.