எங்கள் குடும்பக் குழுவில் வேலி ஓணான்

அத்தை, திருநகர் (காலை 9:10)
அண்ணே, எங்கள் வீட்டுக் கிளுவை வேலியில் தலையும் கழுத்தும் செக்கச்செவேலென்று மாறிய ஓணான் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தூரத்திலிருந்தே மனிதரின் இரத்தத்தை உறிஞ்சித்தான் அது சிவக்கிறது என்று தெருப்பிள்ளைகள் சொன்னதை நம்பிப் பேரன் கல்லை எடுத்துவிட்டான்.

பெரியப்பா, மேலூர் (காலை 9:24)
முதலில் கல்லைக் கீழே போடச் சொல்லம்மா. ஓணான் இரத்தம் குடிப்பதில்லை. அதற்கு நஞ்சும் இல்லை. நீ பார்த்தது ஆண். இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் தோளும் சிவந்து, தொண்டையின் இருபுறமும் கறுப்புத் திட்டுத் தோன்றும். அந்தக் கோலத்தோடு உயரமான குச்சியில் ஏறி, முன்கால்களை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்குவது பெண்ணை அழைப்பதற்கும், தன் எல்லைக்குள் நுழையும் வேறோர் ஆணை விரட்டுவதற்கும்தான். சண்டையில் தோற்றுவிட்டால் அந்தச் சிவப்பு சிறிது நேரத்தில் மங்கி, பழைய மண்ணிறம் வந்துவிடும்.

அக்கா, கலிபோர்னியா (காலை 9:41)
பெரியப்பா, இங்குள்ள மரவேலிகளிலும் இப்படியே எழுந்து எழுந்து இறங்கும் பல்லி உண்டு. அது ஓணான் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆணுக்கு வயிற்றில் நீலத் திட்டுகள் இருக்கும், பிடித்தால் வாலை விட்டுவிட்டு ஓடிவிடும். உண்ணி கடிப்பதால் மனிதருக்குப் பரவும் லைம் நோயின் கிருமியைச் சுமக்கும் இளம் உண்ணி இந்தப் பல்லியைக் கடித்து இரத்தம் குடித்தால், அந்த இரத்தமே உண்ணிக்குள் இருக்கும் கிருமியைக் கொன்றுவிடுகிறது என்று 1998இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

பெரியப்பா, மேலூர் (காலை 9:58)
அருமையான செய்தி அம்மா. நம் ஓணானுக்கு அப்படி வாலை உதிர்த்துத் தப்பும் வழி இல்லை. உடலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீண்ட அந்த வால் அறுந்தால் மீண்டும் வளராது. ஆகவே ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடித்து, வாலைப் பற்றி இழுத்து விளையாடுவது பெரும் கொடுமை. பகலெல்லாம் வெயில் காய்ந்துகொண்டே, தனித்தனியாகச் சுழலும் கண்களால் வெட்டுக்கிளியையும் வண்டையும் எறும்பையும் தேடித் தின்னும். ஆள் நெருங்கினால் கிளையின் மறுபக்கத்துக்கு நழுவி மறையும். இரவில் மெல்லிய குச்சியைப் பற்றியபடி உறங்கும். இவ்வளவுக்கும் அதற்கு உயிர்வேலி வேண்டும். கிளுவையை வெட்டிவிட்டுச் சுவர் எழுப்பினால் பூச்சியும் போய்விடும், ஓணானும் போய்விடும் என்பது என் கருத்து.

அத்தை, திருநகர் (காலை 10:06)
கல்லைப் போட்டுவிட்டான், அண்ணே. வேலியடியில் இன்னொன்று, சிவப்பே இல்லாதது, மண்ணைப் பறித்துக்கொண்டிருக்கிறது. அங்கே கீரை விதைக்கக் கொத்தலாம் என்றிருந்தேன்.

பெரியப்பா, மேலூர் (காலை 10:11)
அது பெண்ணாகவே இருக்கும். ஈர மண்ணில் குழி பறித்துப் பத்து இருபது முட்டைகள் வரை இட்டு, மூடிவிட்டுப் போய்விடும், காவல் இருக்காது. குஞ்சு வெளிவர ஆறேழு வாரம் ஆகும் என்பதால், அதுவரை அந்த இடத்தைக் கொத்தாமல் விட்டுவிட்டு, கீரையைக் கிணற்றோரம் விதைத்துக்கொள்.