மறு: தாந்தேயின் 'கொந்த்ரபாஸோ'வுக்குத் தமிழ்ச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் 'தெய்வீக நாடகம்' என்ற காவியத்தில், செய்த பாவத்தின் உருவிலேயே அதற்கான வேதனையும் வந்து சேர்வதைத்தான் 'கொந்த்ரபாஸோ' என்கிறோம். அதற்கு நண்பர்கள் முன்வைத்த தமிழ்ச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

> 'வினைப்பயன்' என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். வினைப்பயன் என்றதும் மறுபிறவியும் கூடவே வந்துவிடும். தாந்தேயின் நரகத்தில் கிடப்பவனுக்கு அடுத்த பிறவி கிடையாது. கணக்கு முடிந்துவிட்டது.

> அப்படியானால் 'பழிக்குப்பழி'?

அதில் அடிபட்டவனின் கோபம் இருக்கிறது. இங்கே பழி வாங்குபவர் யாரும் இல்லை.

மூலத்தைப் பார்ப்போம். 14,233 அடிகள் கொண்ட காவியத்தில் இந்தச் சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது, நரகக் காண்டம் 28ஆம் பாடலின் கடைசி அடியில். சொல்பவன் பெர்த்ரான் த போர்ன் என்ற கவிஞன். இங்கிலாந்து அரசன் இரண்டாம் ஹென்றிக்கு எதிராக அவருடைய மகனையே தூண்டிவிட்டவன் என்பது தாந்தே அவன்மேல் வைக்கும் குற்றம். வெட்டுண்ட தன் தலையை முடியைப் பிடித்து விளக்குபோல் தூக்கிக்கொண்டு வருகிறான். விவிலியத்தில் தாவீது அரசனுக்கும் அவர் மகன் அப்சலோமுக்கும் நடுவில் பகை மூட்டிய அகித்தோப்பேல் செய்ததைவிடக் குறைவாக நான் செய்யவில்லை என்கிறான். சேர்ந்திருந்தவர்களைப் பிரித்தேன், அதனால் என் தலையும் உடலைப் பிரிந்து கிடக்கிறது. என்னிடம் 'கொந்த்ரபாஸோ' இப்படித்தான் நிறைவேறுகிறது என்று முடிக்கிறான்.

சொல் அவனுடையது இல்லை. அரிஸ்டாட்டிலின் நிக்கோமாக்கிய அறநூல் 5ஆம் புத்தகத்தில் இருக்கும் கிரேக்கச் சொல்லின் இலத்தீன் வடிவம். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அதை எடுத்து விவாதிக்கிறார். அடிக்கு அடி என்பது எப்போதும் நீதியாகாது, அதிகாரியை அடித்தவனுக்கு ஓர் அடி திருப்பிக் கொடுத்தால் போதாது என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே வரும் வாதம். ஆகவே 'சரிக்குச்சரி'யும் சரிப்படாது. தாந்தேயிடம் அளவைவிட உருவம்தான் முக்கியம். 20ஆம் பாடலில் குறிசொல்லிகளைப் பாருங்கள். எதிர்காலத்தை எட்டிப் பார்த்தவர்களின் முகம் முதுகுப்பக்கம் திருகியிருக்கிறது. அழுதால் கண்ணீர் பின்புறம் வழிகிறது. சரிக்குச்சரி என்றால் அவர்களை யாராவது எட்டிப் பார்த்திருக்க வேண்டும், யாரும் பார்க்கவில்லையே! பாவம்தான் வேதனையாக உருமாறியிருக்கிறது.

> 'ஒப்புத்தண்டனை' நல்ல சொல்லாகத் தோன்றுகிறது.

நரகத்துக்கு மட்டும் என்றால் ஒத்துக்கொள்வேன். ஆனால் ஆய்வாளர்கள் 'கொந்த்ரபாஸோ'வை உத்தரிக்கும் ஸ்தலத்துக்கும், அதாவது இறந்தவர்கள் பாவக்கறை நீங்கித் தூய்மையாகும் இடத்துக்கும், பயன்படுத்துகிறார்கள். அங்கே செருக்குள்ளவர்கள் பாறை சுமந்து குனிகிறார்கள், பொறாமைக்காரர்களின் இமைகள் இரும்புக் கம்பியால் தைக்கப்பட்டிருக்கின்றன. பெருந்தீனிக்காகப் பட்டினி கிடக்கும் ஃபொரேசே தொனாத்தி, வேதனை என்கிறேன், ஆறுதல் என்றல்லவா சொல்ல வேண்டும் என்று தன்னையே திருத்திக்கொள்கிறான். அவர்கள் மனமொப்பிப் படுகிறார்கள்; ஒருநாள் முடிந்து மேலே போவார்கள். 'தண்டனை' என்ற பகுதி அந்த இடத்தில் இடிக்கும்.

என் பரிந்துரை: எதிர்ப்பாடு. இலத்தீன் சொல்லின் பின்பாதிக்குப் படுதல், அனுபவித்தல் என்று பொருள். கிறிஸ்து பட்ட துன்பங்களைக் கிறிஸ்துவின் பாடுகள் என்று நம் சபைகளில் சொல்கிறோமே, அதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்கும் இதே வேர்தான். தவக்காலத்தில் கோயிலுக்குப் போகிற எவருக்கும் 'பாடு' விளக்கமில்லாமல் விளங்கும்.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். 'எதிர்ப்படு' என்றால் சந்திப்பது என்று ஆகிவிடும், எனவே வினைச்சொல்லாக ஆள முடியாது. அப்புறம், வேற்றுமை உருபு சேர்த்தால் 'எதிர்ப்பாட்டின்' என்று வரும். பாட்டுக்குப் பதில் பாட்டு என்று படித்துவிடுவார்கள். நூறு பாடல்கள் கொண்ட காவியத்துக்கு எழுதும் குறிப்பில் இது வம்புதான். 'எதிர்ப்பாடு என்னும் முறையில்', 'எதிர்ப்பாடாக' என்று எழுதினால் தப்பிக்கலாம். சுருக்கமான வழி யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.