58 வயசுல ஃபுல் அயர்ன்மேன் (லங்காவி): கட்-ஆஃபுக்குள்ள முடிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?

சிறுவாணி_ரைடர் (கோவை)

எல்லாருக்கும் வணக்கமுங்க. வயசு 58, பேங்க் வேலைய விட்டு விஆர்எஸ் வாங்கியாச்சு. சைக்கிள் ரொம்ப வருசப் பழக்கம், ஞாயித்துக்கெழம ஆனா குரூப்போட ஆனைகட்டி, வாளையார்னு 100 கிலோமீட்டருக்குக் கொறையாம போயிட்டு வந்துருவோம். போன வருசம் கோவாவுல 70.3, அதாவது அரை அயர்ன்மேன் டிரையத்லான் பண்ணுனேன், மிராமர் பீச்சுல 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம், நேரம் நல்லா மிச்சம் இருக்கறப்பவே லைனத் தாண்டிட்டேன். அதுல இருந்து மனசு ஃபுல் அயர்ன்மேன் மேலயே நிக்குதுங்க. 3.8 நீச்சல், 180 சைக்கிள், அதுக்கப்புறம் ஒரு முழு மாரத்தான், எல்லாத்துக்கும் சேர்த்து கட்-ஆஃப், அதாவது கெடு, 17 மணி நேரம். மலேசியாவுல லங்காவி போலாம்னு யோசன, டிக்கெட்டும் கட்டுபடியாகுது.

கேள்வி என்னன்னா, நெட்ல கெடைக்கற ட்ரெய்னிங் பிளான் எல்லாம் 30, 35 வயசுப் பசங்களுக்குப் போட்டதாவே இருக்குதுங்க. அவங்களுக்கு நேத்து பண்ணுனது இன்னைக்குச் சரியாயிருது, எனக்கு ஒரு லாங் ரைடு போனா ரெண்டு மூணு நாளைக்குக் கால் வெறகுக்கட்ட மாதிரி இருக்குது. நம்ம வயசுக்காரங்க முடிச்சவங்க இருந்தா அந்த நாள் எப்படிப் போச்சு, எந்த எடத்துல சிரமப்பட்டீங்க, எப்படிப் பழகுனீங்கன்னு கொஞ்சம் விவரமா சொல்லுங்க. பிபிக்கு மாத்திரை எடுக்கறேன், மத்தபடி ஒண்ணும் இல்லீங்க.

கடலோரம் (சென்னை)

வணக்கம் சார். நான் 60 தாண்டின பிறகு லங்காவி முடிச்சேன், 16 மணி நேரத்துக்கு மேல ஆச்சு. நிச்சயமா போங்க, ஆனா இப்பவே ஒரு பேப்பர் எடுத்து கணக்கப் போட்டுடுங்க.

கட்-ஆஃப் நீச்சலுக்கு 2 மணி 20 நிமிஷம், நீச்சலும் சைக்கிளும் சேர்த்து 10 மணி 30 நிமிஷம், மொத்தம் 17. அயர்ன்மேன்ல பொதுவா இதுதான், ஆனா சில ஊர்ல மாத்துவாங்க அதனால ரேஸ் நடத்தறவங்க வெளியிடற அந்த வருஷத்து அத்லெட் கைடைப் பாத்துக்கங்க. இப்போ நீச்சல 1:40ல முடிக்கறீங்கன்னு வைங்க, ஈரத்தத் துடைச்சு சைக்கிள் எடுக்க கால் மணி, 180ஐ சராசரி 24 வேகத்துல போனா ஏழரை மணி, அப்புறம் ஷூ மாத்த பத்து நிமிஷம். ஆக 9 மணி 35 நிமிஷத்துல ஓட ஆரம்பிப்பீங்க. மிச்சம் 7 மணி 25 நிமிஷம் இருக்கு, மாரத்தான் தூரம் 42.2க்கு வகுத்தா கிலோமீட்டருக்குப் பத்தரை நிமிஷம். அது வேகநடைதான் சார், ஓட்டம்கூட இல்ல. அதனால நம்ம வயசுல ஸ்பீடு ஒரு பிரச்சனையே கிடையாது, சைக்கிள்ல இருந்து இறங்கறப்போ நடக்கறதுக்குக் கால் இருக்கணும், சாப்பிட்டா வயிறு ஏத்துக்கணும், இந்த ரெண்டும் இருந்தா மெடல் உங்க கழுத்துல. என் ட்ரெய்னிங் மொத்தமும் இந்த ரெண்டுக்குத்தான்.

உங்களுக்கு சைக்கிள் பலம்கறீங்க, எனக்கு அங்கதான் கவலையா இருக்கு. லங்காவி ரோடு ஏத்தமும் இறக்கமுமா போயிட்டே இருக்கும், ஏத்தத்துல பசங்க வர்ர்ருனு தாண்டிப் போவாங்க, அப்போ கால் தன்னால அழுத்தும். விட்டுடுங்க. மிதிக்கற சக்திய அளக்கற பவர் மீட்டர் வெச்சிருந்தா, எஃப்டிபில (சுமார் ஒரு மணி நேரம் விடாம மிதிக்க முடியற அதிகபட்ச பவர்) 65 சதவீதத்துல நில்லுங்க, மேட்டுலயும் ரொம்ப மேல போக விடாதீங்க. இன்னொண்ணு, குரூப்ல பின்னாடி ஒட்டி ஓட்டற பழக்கத்த இப்பவே மறக்கணும், முன்னாடி போறவருக்கும் உங்களுக்கும் 12 மீட்டர் இருக்கணும், தாண்டறதா இருந்தா 25 செகண்டுக்குள்ள தாண்டணும், மாட்டினா 5 நிமிஷம் டெண்ட்ல நிக்க வெச்சுடுவாங்க. தனியா காத்துல 180 ஓட்டறதும் குரூப்ல 180 ஓட்டறதும் வேற வேற, ஞாயித்துக்கிழமை ரைடுல பாதிய தனியா போய்ப் பழகுங்க.

சின்ன விஷயம் ஆனா நம்ம வயசுக்கு இது பெரிசு: சைக்கிள் கம்ப்யூட்டர்ல எட்டு நம்பர் வெச்சீங்கன்னா வேர்வையும் வெயிலும் சேர்ந்து ஒண்ணுமே படிக்க வராது. நான் மூணே மூணு நம்பர் பெரிசா வெச்சேன், பவர், நேரம், தூரம். சக்திக்குச் சாப்பிடற ஜெல் பாக்கெட்டும் ஈர விரல்ல கிழியாது, பல்லால கடிச்சு இழுக்கறதுக்குள்ள ஹேண்டில் ஆடும், அதனால முந்தின நாளே அத்தனையும் ஒரு பாட்டில்ல பிழிஞ்சு கொஞ்சம் தண்ணி கலந்துடறேன்.

சாப்பாடு: சைக்கிள்ல மணிக்கு 60 கிராம் கார்போஹைட்ரேட் உள்ள போகணும், பழகினவங்க 90 வரைக்கும் போறாங்க, ஆனா அத ரேஸன்னைக்கு முதல் தடவையா செஞ்சா வயிறு கோளாறாயிடும். ஒவ்வொரு லாங் ரைடும் சாப்பாட்டு ஒத்திகைதான். முதல் ரெண்டு மணி நேரம் இனிப்பு பிடிக்கும், மத்தியானம் ஆனா நாக்கு உப்பு கேக்கும். ஓட்டத்துல 25வது கிலோமீட்டர் பக்கம் எனக்கு இனிப்பா எதப் பாத்தாலும் குமட்டிச்சு. முன்கூட்டியே கட்டிக் குடுத்து நடுவழில வாங்கிக்கற ஸ்பெஷல் நீட்ஸ் பையில உப்பும் மிளகும் போட்டு வேகவெச்ச குட்டி உருளைக்கிழங்கு வெச்சிருந்தேன், ஓரமா நின்னு தோலோட ரெண்டு தின்னேன், கூட ரெண்டு மடக்கு கோலா. கொஞ்ச நேரத்துல வயிறு அடங்கி திரும்ப ஓட வந்துச்சு. அதே பையில மாத்து சாக்ஸும் இருக்கட்டும், வழில தண்ணியும் தீனியும் குடுக்கற எய்ட் ஸ்டேஷன்ல தலைல ஊத்தற தண்ணி எல்லாம் ஷூக்குள்ளதான் போகும், ஈர சாக்ஸோட 20 கிலோமீட்டர் போனா பாதம் ஊறி உரிஞ்சிடும்.

மாரத்தான நான் ஓடினது இப்படி: எய்ட் ஸ்டேஷன் ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் நடை, தொப்பிக்குள்ள ஐஸ், கைல ஐஸ், அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் மெல்லோட்டம். நல்லா இருக்கும்போதே நடக்க ஆரம்பிக்கணும், முடியாம போனப்புறம் நடந்தா அப்புறம் நடையும் வராது.

பிளான் விஷயம். ஏழு நாள் வாரத்த மறந்துடுங்க. நான் ஒன்பது நாள் சுத்து வெச்சேன், அதுல ஒரு லாங் ரைடு, ஒரு லாங் ரன், நீச்சல் மூணு தடவ, வெயிட்ஸ் ரெண்டு தடவ. லாங் ரைடுக்கு அடுத்த நாள் நீச்சல் மட்டும்தான். தூக்கத்தக் குறைச்சு எந்த செஷனும் பண்ணாதீங்க.

கடல் நீச்சலுக்கு சென்னை வாங்க, ஈசிஆர்ல கோவளம் பக்கம் கயாக் துணையோட காலைல நீந்தற குழுக்கள் இருக்கு. மெரினால மட்டும் இறங்காதீங்க, அந்த இழுப்பு ஆள விழுங்கிடும்.

ஊருணி

தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, எனக்கு இது ஒத்துக்கவே மாட்டேங்குது. 58ல தினம் ஒரு மணி நேரம் நடந்தாலே உடம்புக்கு நல்லதுன்னுதான எல்லாரும் சொல்றாங்க, அதுக்கு மேல எதுக்கு 16 மணி நேரம் உடம்பப் போட்டு வாட்டணும். எங்க சித்தப்பா ஒருத்தர் ரெகுலரா ஓடறவர், ஓடிட்டு இருக்கும்போதே நெஞ்சு வலின்னு உக்காந்துட்டார், பொழச்சது புண்ணியம். வீட்ல இருக்கவங்கள ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

ஓடும்_ஸ்டெதஸ்கோப் (மதுரை)

ஊருணி சொல்றத ஒதுக்கிட்டுப் போக முடியாது, அந்தப் பயம் நியாயமானது. ஆரோக்கியத்துக்குன்னா நடையே போதும், அதுவும் நிஜம். அயர்ன்மேன் ஆரோக்கியத்துக்காகப் பண்றது இல்ல, ஆசைக்காகப் பண்றது, அந்த ஆசைல குத்தம் எதுவும் இல்ல, பாதுகாப்பா பண்ணணும் அவ்வளவுதான். அமெரிக்காவுல 1985ல இருந்து 2016 வரைக்கும் டிரையத்லான்ல நடந்த மரணங்களையும் இதயம் நின்னுபோன சம்பவங்களையும் தொகுத்துப் பாத்தாங்க, மொத்தம் 135. லட்சம் பேருக்கு 1.74 தான் வருது, ஆனா பெரும்பகுதி நீச்சல்ல நடந்திருக்கு, அதுலயும் ஆம்பளைங்க, வயசு ஏற ஏற ஆபத்தும் ஏறுது. எல்லாரும் மாரத்தான நினைச்சுப் பயப்படறாங்க, கவனம் வேண்டியது முதல் 3.8 கிலோமீட்டர்ல.

அதனால வெறும் ஈசிஜி எடுத்து நார்மல்னு வந்துடாதீங்க. எக்கோவும் (இதய ஸ்கேன்) ட்ரெட்மில் டெஸ்ட்டும் பண்ணுங்க, குடும்பத்துல சின்ன வயசுலயே ஹார்ட் பிரச்சனை இருந்ததான்னு மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க. ரிசல்ட்டோட போய் "நான் 17 மணி நேரம் வெயில்ல இருக்கப் போறேன்"ன்னு தெளிவா கேளுங்க. ரேஸ்ல நீச்சல் ஆரம்பிச்சு நெஞ்சு இறுக்கமோ மூச்சுத்திணறலோ வந்தா கைய தூக்கி கயாக்கப் பிடிச்சுக்கங்க, பிடிச்சு நிக்கறதுக்கு டிஸ்குவாலிஃபை கிடையாது, அது உங்கள முன்னாடி இழுத்துட்டுப் போகக்கூடாது அவ்வளவுதான்.

பிபி மாத்திரை எந்த வகைன்னு பாருங்க. பீட்டா பிளாக்கரா இருந்தா நாடித்துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது, வாட்ச் காட்டற ஹார்ட் ரேட் ஸோன நம்பி ஓட்டினா அளவு தப்பிடும். சிறுநீர் போக வைக்கற வகையா இருந்தா வெயில்ல தண்ணியும் சோடியமும் குறையும். எதையும் நீங்களா நிறுத்தாதீங்க, ரேஸுக்கு ஆறு மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட பேசி மாத்த முடியுமான்னு கேளுங்க. ரேஸ்ல வலின்னு ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போடவே போடாதீங்க, உடம்புல நீர் குறைஞ்ச நேரத்துல கிட்னிக்கு அது பெரிய அடி. அதே மாதிரி பயத்துல வெறும் தண்ணியா லிட்டர் லிட்டரா குடிக்கறதும் ஆபத்துதான், ரத்தத்துல சோடியம் இறங்கினா மயக்கம், வலிப்பு வரைக்கும் போகும். வீட்லயே ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னயும் பின்னயும் எடை போடுங்க, நடுவுல எதுவும் குடிக்காம ஒரு கிலோ குறைஞ்சா ஒரு லிட்டர் வேர்வைன்னு அர்த்தம். அந்தக் கணக்க வெச்சு குடிங்க.

பினாங்கு_அக்கா

வணக்கம்ண்ணே, நான் 55, லங்காவி எங்களுக்குப் பக்கம்ங்கறதால ரெண்டு மூணு தடவ வேலண்டியரா நின்னிருக்கேன், ஒரு தடவ ரேஸும் முடிச்சிருக்கேன். சென்னை அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேக்கணும், சென்னைக்காரங்களுக்கு எங்க ஊரு புழுக்கம் பெரிசாத் தெரியாது, கோயம்புத்தூருக்கு பாலக்காட்டுப் பக்கம் இருந்து ஜிலுஜிலுன்னு காத்து வருமே, அதுல பழகின உடம்பு இங்க திணறும். புழுக்கத்துக்கு உடம்பு பழக 10ல இருந்து 14 நாள் வேணும். அவ்ளோ முன்னாடி வர முடியாதுன்னா ஊர்லயே கடைசி ரெண்டு வாரம் மத்தியானத்துல மெதுவா ஓடுங்க, பாத்ரூம்ல சுடுதண்ணி வெச்சு அரைமணி உக்காருங்க. தண்ணி வெதுவெதுன்னு இருக்கறதால மிதக்க வைக்கற ரப்பர் நீச்சல் உடை, அதான் வெட்சூட், போட விடமாட்டாங்க, அந்த மிதப்ப நம்பாம நீந்திப் பழகுங்க, வேஸலின கழுத்துலயும் அக்குள்லயும் நல்லா தடவுங்க.

வேலண்டியரா நின்னப்போ நான் பாத்தது, மத்தியானத்துக்கு மேல திடீர்னு மழை கொட்டும். ஈர ரோட்டுல இறக்கம் வந்தா வயசானவங்க பாதி பேர் பிரேக்க இறுக்கிப் பிடிச்சே கை மரத்துப் போய் வருவாங்க, கிளவ்ஸ் கழட்டக்கூட முடியாம எங்ககிட்ட கைய நீட்டுவாங்க. மழைல இறங்கிப் பழகிட்டு வாங்க. காட்டுப் பக்கம் குரங்கு ரோட்டுக்கு வரும், கைல வாழைப்பழம் வெச்சிட்டு மெதுவா போகாதீங்க. ரேஸுக்கு முந்தின நாள் சம்பல் (காரமான மிளகாய்த் துவையல்) போட்ட நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) வேண்டாம்ண்ணே, வெள்ளச் சோறு, முட்டை போதும், முடிச்ச மறுநாள் பசியாற எவ்ளோ வேணா சாப்பிடுங்க.

அப்புறம் ஊருணி தம்பிக்கு. ஜப்பான்ல ஹிரோமு இனாடான்னு ஒரு தாத்தா, 70 வயசுல டிரையத்லான் ஆரம்பிச்சவர். 2015ல ஹவாய் கோனாவுல நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில கட்-ஆஃப சில வினாடில விட்டுட்டார், ஃபினிஷ் லைன் கண்ணு முன்னாடி. அடுத்த வருஷமே திரும்ப வந்து முடிச்சார், 2018ல 85 வயசுல மறுபடி முடிச்சார். அமெரிக்காவுல மடோனா பூடர்னு ஒரு கன்னியாஸ்திரி 2012ல 82 வயசுல அயர்ன்மேன் முடிச்சாங்க. 2025 அக்டோபர்ல நடாலி கிராபோ 80 வயசுல கோனாவ 17 மணி நேரத்துக்குள்ள முடிச்சாங்க, அங்க முடிச்ச பொம்பளைங்கள்ல அவங்கதான் மூத்தவங்க, அவங்க நீச்சல் கத்துக்கிட்டதே 60 நெருங்கறப்போ. நான் 50ல நீச்சல் கிளாஸ் சேந்தப்போ குளத்துல என் பேத்தி வயசுப் பிள்ளைங்கதான் கூட இருந்தாங்க, எனக்கு அதப் பத்திக் கவலையே இல்ல. வீட்ல இருக்கவங்கள நினைக்கணும்தான், எங்க வீட்டுக்காரரு என் ஐஸ் பாக்ஸ தூக்கிட்டு ராத்திரி பூரா ஓரமா நின்னாரு, அவருக்கும் அது பெரிய சந்தோஷம்.

பொம்பளைங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்றேன், 50க்கு மேல வெயிட்ஸ விடவே கூடாது. நீச்சலும் சைக்கிளும் எலும்புக்கு பலம் தர்ற விஷயம் இல்ல. ஸ்குவாட், டெட்லிஃப்ட் எல்லாம் டிரெய்னர்கிட்ட சரியா கத்துக்கிட்டு பண்ணுங்க, புரோட்டீனும் ஒவ்வொரு வேளைக்கும் சேத்துக்கங்க, இந்த வயசுல கொஞ்சமா சாப்பிட்டா தசைக்குப் போய்ச் சேராது.

சிறுவாணி_ரைடர் (கோவை)

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, ஒவ்வொண்ணையும் வீட்டுல சத்தமா படிச்சுக் காட்டுனேன். ஊருணி தம்பி, நீங்க அக்கறையில தான் சொன்னீங்க, எனக்குப் புரியுதுங்க. டாக்டர் சொன்னபடி மாத்திரை அட்டையப் பாத்தேன், நான் எடுக்கறது பீட்டா பிளாக்கர் தானுங்க, அப்ப இத்தன நாளா வாட்ச் காட்டுன ஸோன் ஏன் உடம்போட ஒத்துவரலைன்னு இப்பத்தான் வெளங்குது. அடுத்த வாரம் எக்கோவும் ட்ரெட்மில்லும் எடுக்கறேன், அது சரியா வந்தாத்தான் ரெஜிஸ்ட்ரேசன். இன்னும் ஒரே ஒரு சந்தேகமுங்க, எனக்கு கிட்டப்பார்வை மைனஸ் மூணு, கண்ணாடி இல்லாம கடல்ல வழி காட்ட விட்டிருக்கற அந்த மிதவைய எப்படிப் பாக்கறது? கோவாவுல முன்னாடி போறவங்க தொப்பியப் பாத்தே போயிட்டேன்.

கடலோரம் (சென்னை)

பவர் வெச்ச நீச்சல் கண்ணாடி ரெடிமேடாவே கிடைக்குது சார், மைனஸ் மூணு ஈஸியா கிடைக்கும். ரெண்டு வாங்குங்க, ஒண்ணு ரேஸுக்கு மட்டும். முன்னாடி தொப்பிய நம்பிப் போனா அவர் வழி மாறினா நீங்களும் மாறிடுவீங்க, 3.8ல அது பெரிய தூரம். எட்டு பத்து கைக்கு ஒருதடவ கண்ண மட்டும் தண்ணிக்கு மேல எடுத்து மிதவையப் பாருங்க, அதுக்குப் பின்னாடி கரைல மலையோ கட்டிடமோ பெரிசா ஒண்ண அடையாளம் வெச்சுக்கங்க. டெஸ்ட் முடிஞ்சதும் கோவளம் வாங்க, கூட வர்றேன்.