செப்டம்பர் கடைசி வாரம் மாண்டினீக்ரோ: கடற்கரையா, மலையா?

ரைன்கரை

ஜெர்மனியில் இருக்கிறோம். செப்டம்பர் கடைசியில் அம்மா ஊரிலிருந்து வருகிறார். எல்லோருமாக ஒரு வாரம் மாண்டினீக்ரோ போகலாம் என்று முடிவு. தலைநகர் போட்கோரிட்சாவில் இறங்கி கார் வாடகைக்கு எடுப்போம். அதற்கு மேல் வீட்டில் இரண்டு கட்சி. கணவருக்கு முழு வாரமும் கோட்டோரில், கடல் பக்கத்தில் தங்க வேண்டும். எனக்கு வடக்கே துர்மித்தோர் மலைக்குப் போய், இலையுதிர்காலம் தொடங்குவதைக் காட்டுக்குள் நின்று பார்க்க ஆசை. அம்மாவுக்கு முட்டி வலி உண்டு. சமதரையில் நன்றாக நடப்பார், ஏற்றம் முடியாது. சைவம், பால், தயிர் சாப்பிடுவார். கடற்கரையை மொத்தமாக விட்டுவிடலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மேற்குச்சாரல்

விட்டுவிடுங்கள் சகோதரி, யோசிக்கவே வேண்டாம். மத்தியதரைக் கடலோரம் அழகான பழைய ஊர்கள் எத்தனையோ நாடுகளில் உண்டு. துர்மித்தோர் போல ஒரு பீடபூமி கிடைப்பது கஷ்டம். தாரா ஆறு அங்கே 1,300 மீட்டர் ஆழத்துக்கு மலையை அறுத்துக்கொண்டு போகிறது. ஜப்லியாக் ஊரே 1,456 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மூன்று கிலோமீட்டரில் கருப்பு ஏரி. ஏரியைச் சுற்றிவரும் பாதை மூன்றரை கிலோமீட்டர்தான், பெரிய ஏற்றம் இல்லை. அம்மா பாதி நடந்தாலும் போதும்.

செப்டம்பர் கடைசியில் கோடைக் கூட்டம் போயிருக்கும், பாதைகளில் பனி இன்னும் விழுந்திருக்காது. வருடத்தில் அந்தச் சில வாரங்கள்தான் மலை அதன் சொந்த மக்களோடு தனியாக இருக்கும். அந்தச் சமயத்தில் போய்க் கோட்டோர் கோட்டை வாசலில், கப்பலில் வந்திறங்கும் ஆயிரக்கணக்கானவர்களோடு நெருக்கிக்கொண்டு நிற்பதற்கு எனக்கு மனம் வராது.

உப்புக்காற்று

மேற்குச்சாரல் மலையை நேசிப்பது தெரிகிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டவர் என்ன கேட்டார்? இலை நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்றார். கருப்பு ஏரியைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் ஸ்ப்ரூஸ், ஃபிர் போன்ற ஊசியிலை மரங்கள். அவை அக்டோபரிலும் பச்சைதான், ஜனவரியிலும் பச்சைதான். இந்த நிறத்துக்காக அங்கே போகிறவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். நிறம் மாறுவது பீச் மரங்கள். அவையும் முழுதாகப் பொன்னிறம் ஆக அக்டோபர் நடுப்பகுதி வந்துவிடும்.

அப்புறம் குளிர். ஜப்லியாக்கில் அந்த நாட்களில் இரவு 5 டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம். மூடுபனி இறங்கினால் பகல் முழுக்க எதிரே இருக்கும் மலை கண்ணில் படாது. முட்டி வலியோடு ஊரிலிருந்து வரும் ஒரு அம்மாவுக்கு இது விடுமுறையா? அதே வாரத்தில் கோட்டோர் வளைகுடாவில் கடல் தண்ணீர் இன்னும் 22 டிகிரி அளவில் இருக்கும். கோட்டோரிலேயே தங்குங்கள். மலை வேண்டுமென்றால் ஒரு நாள் கோட்டோருக்கு மேலே இருக்கும் லோவ்சென் மலைக்குப் போய் வாருங்கள். 2023இல் கேபிள் கார் திறந்துவிட்டார்கள். கடல் மட்டத்துக்குப் பக்கத்திலிருந்து சுமார் 1,350 மீட்டர் உயரத்துக்கு பதினொரு நிமிடத்தில் ஏற்றிவிடும். ஒரு படி ஏற வேண்டாம்.

மேற்குச்சாரல்

ஊசியிலை பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் வானிலையைக் காட்டிக் கடற்கரைக்கு ஓட்டு கேட்பது சரியில்லை. ஐரோப்பாவில் மக்கள் வாழும் இடங்களில் மிக அதிகமாக மழை பெய்வது எங்கே தெரியுமா? த்ஸர்க்விட்சே. ஆண்டுக்கு சராசரியாக 4,600 மில்லிமீட்டர். அது வடக்கு மலையில் இல்லை. உங்கள் கோட்டோர் வளைகுடாவுக்கு நேர் மேலே, ரிசான் ஊருக்குப் பின்னால் இருக்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக் காற்று அந்தச் சுவரில்தான் முதலில் மோதுகிறது. இலையுதிர்கால மழை தொடங்கிவிட்டால் வளைகுடாவில் அறைக்குள்தான் உட்கார வேண்டும். உள்ளே தள்ளியிருக்கும் துர்மித்தோருக்கு வருவதற்குள் அந்த மேகம் பாதி கொட்டித் தீர்த்திருக்கும்.

உப்புக்காற்று

த்ஸர்க்விட்சே மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் குளிர்காலம் வரை பெய்வது. செப்டம்பர் கடைசி வாரத்துக்கு அதை எடுத்து வைக்க முடியாது. ஓரிரண்டு நாள் இடியும் மழையும் வரலாம், அவ்வளவுதான்.

கடற்கரை என்றாலே கப்பல் கூட்டம் என்று ஒதுக்குவதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1979 ஏப்ரலில் வந்த நிலநடுக்கத்தில் கோட்டோர் நகரம் நொறுங்கியது. அதே ஆண்டில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பிறகு வருடக்கணக்கில் பொறுமையாகத் திருப்பிக் கட்டினார்கள். பெராஸ்ட் ஊருக்கு எதிரே கடலுக்குள் ஒரு தீவுக் கோயில் இருக்கிறது. அந்தத் தீவே இயற்கையானது இல்லை. ஊர் மாலுமிகள் தலைமுறை தலைமுறையாகக் கல்லைக் கொண்டுவந்து போட்டு உண்டாக்கியது. இன்றும் ஜூலை மாதம் படகுகளில் போய்க் கல் போடுகிறார்கள். கப்பல் பயணிகள் காலை ஒன்பதுக்கு மேல் வந்து சாயங்காலம் போய்விடுவார்கள். விடிகாலை ஏழு மணிக்குக் கோட்டோர் தெருவில் நடந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தண்டவாளம்

இருவரும் கடற்கரை, துர்மித்தோர் என்று இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நடுவில் ஒரு காடு இருப்பதை யாருமே சொல்லவில்லை. பியோகிராட்ஸ்கா கோரா. கொலாஷின் ஊரிலிருந்து பக்கம்தான். ஐரோப்பாவில் கோடரி படாமல் மிஞ்சியிருக்கும் மிகச் சில காடுகளில் ஒன்று. 1878இல் உள்ளூர் மக்கள் அதை இளவரசர் நிகோலாவுக்குக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அங்கே மரம் வெட்டுவதில்லை. 1952இல் தேசியப் பூங்கா ஆனது. பீச், மேப்பிள், ஆஷ் எல்லாம் கலந்து நிற்கும். காட்டுக்குள் ஒரு ஏரி உண்டு, அதன் கரை வரை கார் போகும். ஏரியைச் சுற்றி நடப்பது கிட்டத்தட்ட சமதரை. சகோதரி கேட்டது துல்லியமாக இந்த இடத்தைத்தான்.

நிறம் விஷயத்தில் உப்புக்காற்று சொல்வது பாதி சரி. அந்த நாட்டில் இலையுதிர்காலத்துக்கு ஒரே தேதி கிடையாது. உயரத்தைப் பார்க்க வேண்டும். போட்கோரிட்சா கடல் மட்டத்திலிருந்து நாற்பது, ஐம்பது மீட்டர்தான். அங்கே செப்டம்பர் கடைசி என்றால் இன்னும் கோடை. பியோகிராட் ஏரி 1,094 மீட்டர். அங்கே பச்சைக்கு நடுவே அங்கங்கே மஞ்சள் தொடங்கியிருக்கும். அதற்கும் மேலே பியெலாசிட்சா மலையில் மரம் முடியும் எல்லைக்கு ஏறினால், புளூபெர்ரிப் புதர்கள் சிவந்து, புல் காய்ந்து பொன்னாகிக் கிடக்கும். ஆகவே ஒரே வாரத்தில் மூன்று பருவமும் பார்க்கலாம்.

காரை விட்டு ஒரு நாளாவது ரயிலில் ஏறுங்கள். பார் துறைமுகத்திலிருந்து பெல்கிரேடு வரை 476 கிலோமீட்டர், 254 சுரங்கங்கள், 1976இல் திறந்தார்கள். அதில் போட்கோரிட்சாவிலிருந்து கொலாஷின் வரை ஒன்றரை மணி நேரத்தில் ஆயிரம் மீட்டர் ஏறுகிறது. வழியில் மாலா ரியேகா பாலம், பள்ளத்தாக்குக்கு மேலே 198 மீட்டர். புதிய நெடுஞ்சாலை 2022இல் வந்துவிட்டது, காரில் இன்னும் சீக்கிரம் போகலாம். ஆனால் அது மொராச்சா பள்ளத்தாக்கையும் 1252இல் கட்டிய கிறித்தவ மடத்தையும் காட்டாமலே கொண்டுபோய்விடும்.

மேற்குச்சாரல்

காடு சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கொலாஷினோடு திரும்பிவிட்டால் தாரா பாலத்தைப் பார்க்க மாட்டீர்கள். அதை விட்டுவிட்டு வராதீர்கள். 172 மீட்டர் உயரத்தில் ஐந்து வளைவுகள், 1940இல் முடித்தார்கள். 1942இல் இத்தாலியப் படை வருவதைத் தடுக்க விடுதலைப் படையினர் ஒரு வளைவைத் தகர்த்தார்கள். எங்கே வெடி வைத்தால் முழுப் பாலமும் விழாது என்று காட்டிக் கொடுத்தவர் அதைக் கட்டிய பொறியாளர்களில் ஒருவரான லாசர் யாவுகோவிச். இத்தாலியர்கள் அவரைப் பிடித்து அந்தப் பாலத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். 1946இல் பாலம் மறுபடி திறந்தது. அம்மா காரிலிருந்து இறங்கிப் பத்தடி நடந்தாலே பார்க்கலாம்.

இன்னொன்று. பாலத்தைத் தாண்டி சின்யாயெவினா மேய்ச்சல் நிலம் இருக்கிறது. கோடை முழுக்க இடையர்கள் அங்கே குடிசை போட்டு ஆடு மாடு மேய்ப்பார்கள். அந்த இடத்தை ராணுவப் பயிற்சிக் களமாக்க அரசு முடிவெடுத்தபோது, 2020 இலையுதிர்காலத்தில் கடும் குளிரில் அவர்கள் கூடாரம் அடித்து உட்கார்ந்து தடுத்தார்கள். மலைப் பக்கம் போங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது காட்சிக்காக மட்டும் இல்லை. அந்த மக்கள் செப்டம்பரில்தான் கீழே இறங்குகிறார்கள். வழியில் பாலாடைக்கட்டி விற்பார்கள். நின்று வாங்குங்கள், இரண்டு வார்த்தை பேசுங்கள்.

உப்புக்காற்று

சின்யாயெவினா விஷயத்தில் உங்களோடு முழுக்க நிற்கிறேன். ஆனாலும் ஜப்லியாக்கில் பல நாள் தங்க வேண்டாம் என்ற என் கருத்து மாறவில்லை. அங்கிருந்து செட்லோ கணவாய் வழியாகப் பீவா ஏரிக்குப் போகும் சாலையை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். 1,907 மீட்டர் உயரம், பல இடங்களில் ஒரே வண்டிதான் போகும், ஓரத்தில் தடுப்பும் இல்லை. மூடுபனியில் வயதானவரை வைத்துக்கொண்டு அதில் போகாதீர்கள்.

சாப்பாடு பற்றியும் யாரும் சொல்லவில்லை. மலைச் சாப்பாட்டில் அம்மாவுக்குக் கஷ்டம் இருக்காது. கச்சமாக் கேளுங்கள்: உருளைக்கிழங்கும் சோள மாவும் சேர்த்துக் களி போலக் கிண்டி, மேலே பாலேடும் பாலாடைக்கட்டியும் போட்டுத் தருவார்கள். பிரிகானிட்சே என்று எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை, தேனோடு. சூப் மட்டும் விசாரித்துவிட்டு வாங்குங்கள், இறைச்சி வேகவைத்த நீரில்தான் பெரும்பாலும் செய்வார்கள்.

தண்டவாளம்

சகோதரி, முக்கியமானது ஒன்று. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் மாண்டினீக்ரோ இல்லை. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் இந்திய பாஸ்போர்ட்டில் முப்பது நாள் வரை உள்ளே விடுகிறார்கள். ஆனால் அம்மாவின் விசா ஒருமுறை நுழைவு மட்டும் என்றால், ஜெர்மனியிலிருந்து கிளம்பியதும் அது முடிந்துபோகும். திரும்பி உள்ளே வர முடியாது. பலமுறை நுழைவு விசாவா என்று இன்றே பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். 2023 முதல் குரோவேஷியாவும் ஷெங்கனில் சேர்ந்துவிட்டதால், துப்ரோவ்னிக் வழியாகப் போனாலும் இதே கதைதான்.

ரைன்கரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. விசாவைப் பார்த்தேன், பலமுறை நுழைவுதான். முதலில் கொலாஷினில் தங்கிக் காட்டையும் தாரா பாலத்தையும் பார்த்துவிட்டு, பிறகு வளைகுடாவுக்கு இறங்குவது என்று கணவரும் ஒப்புக்கொண்டார். ஜப்லியாக் ஒரு பகல் மட்டும், வானம் தெளிவாக இருந்தால். கோட்டோருக்குள் தங்காமல் பெராஸ்டில் அறை தேடுகிறேன்.

உப்புக்காற்று

பெராஸ்ட் நல்ல முடிவு. கடலோரச் சாலையை ஒட்டிய அறையாகப் பார்த்து எடுங்கள். ஊர் சரிவில் இருக்கிறது, மேலே உள்ள வீடுகளுக்கு எல்லாம் படிதான்.

மேற்குச்சாரல்

கொலாஷினில் முடிந்தால் இன்னும் ஒரு இரவு கூட்டுங்கள். முதல் நாள் மூடுபனி என்றாலும் மறுநாள் காடு கிடைக்கும்.